சுவரோரத்துக் கால்

அத்தியாயம் 14

“நேத்து சரியா கீதுன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேண்ணே.”

“இன்னிக்கு இன்னா இது? வாய்ல சொல்லாத, அளந்து பாத்துட்டுச் சொல்லு.”

“அளந்துட்டேண்ணே. நாப்பது மைக்ரான் டேப்பர் அடிக்குது.”

“அப்போ நேத்து சொன்னது பொய்யி.”

“நேத்து சரியா இருந்துச்சு. இன்னிக்கு இல்ல.”

“ராவுல மெஷினு எயுந்து பீச்சாண்ட காத்து வாங்கிட்டு வந்துச்சா?”

மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்த பீம்ராவின் குரல் லேத் பட்டறையின் தகரக் கூரையைத் தாண்டித் தெருமுனைக் குழாயடி வரை போனது. அங்கே நின்றவர்கள் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். திருவொற்றியூரில் தண்ணீர் வரும் நேரத்தில் குழாயை மூடுகிறார்கள் என்றால், சண்டை எந்தத் தரத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து எடுத்தால் இந்த முனையும் அந்த முனையும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துப் போனால் அதற்குப் பெயர் டேப்பர். நாற்பது மைக்ரான் என்பது தலைமுடியில் பாதிப் பருமன். ஆனால் மணலிப் பக்கத்துப் பம்ப் கம்பெனிக்கு, ஆர்டரை வேறு பட்டறைக்குத் தள்ளிவிட அந்தப் பாதி முடி போதும்.

வாசலில் டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தாள் வரலட்சுமி. பீம்ராவின் மனைவி. கேரியரை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் எந்த இடத்திலிருந்தும் விஷயம் முடியாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. மேலும், இன்று அவளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. அதை எப்போது எடுக்கலாம் என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து கம்ப்யூட்டர் ஓட்டுகிற இந்தப் பழைய சி.என்.சி. லேத்தை வாங்கலாம் என்று யோசனை சொன்னது பீம்ராவின் தங்கை யசோதரா. டிப்ளமோ படித்துவிட்டு அம்பத்தூரில் வேலை பார்த்தவள். “இரும்பு நல்ல இரும்புண்ணா. மூளைதான் செத்துப்போச்சு. மூளைய மாத்திட்டா புது மெஷினு” என்றாள். மூளையை மாற்ற ஆள் யார் என்று கேட்டதற்கு, தயாராக வைத்திருந்ததுபோல் ஒரு பெயர் சொன்னாள்: நெல்சன்.

அந்தத் ‘தயாராக’வில்தான் வரலட்சுமிக்கு முதல் சந்தேகம் வந்தது.

நெல்சன் ராயபுரத்துப் பிள்ளை. நல்ல வாட்டசாட்டம், ஒல்லியான கதவு என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். பழைய கன்ட்ரோலைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்தான், மோட்டார்களை மாற்றினான், ஒயர்களை எல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தான். கழற்றிய பழைய சர்க்யூட் கார்டுகளைக் கோணியில் கட்டி எங்கே கொண்டுபோனான் என்று வரலட்சுமி இரண்டு வாரம் துருவினாள். கடைசியில் கோணி பட்டறைப் பரணிலேயே இருந்தது. அதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பரணில் இருப்பதை முன்பே சொல்லாததும் ஒரு குற்றம்தான் என்று வைத்துக்கொண்டாள்.

யசோதராவும் நெல்சனும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள் என்பது இதற்குள் வீட்டுக்கே தெரிந்துவிட்டது. பீம்ராவ் எதிர்க்கவில்லை. அவனே வரலட்சுமியைக் காதலித்துக் கட்டியவன்தான். புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மட்டும் மாட்டியிருந்த வியாசர்பாடி வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற பெண் மருமகளாக வந்து சேர்ந்தாள். “வூட்டுல நீ எத்த வேணா கும்புடு. பட்டறைல மட்டும் பூசை கீசை வேணாம், அது எங்கப்பா சொன்ன சொல்லு” என்று அவன் கேட்டான், இவள் சரி என்றாள். மூன்று டன் மெஷின் கிரேனில் வந்து இறங்கிய அன்றும் பட்டறையில் ஒரு எலுமிச்சம்பழம்கூட உருளவில்லை. வரலட்சுமி கிரேன்காரன் காலித்துக்கு டீ கொடுத்தாள், அவ்வளவுதான். டீ டம்ளரோடு ஒரு சின்ன மஞ்சள் முடிச்சையும் கொடுத்தாள் என்பதும், அவன் அதை என்ன செய்தான் என்பதும், அவர்கள் இருவர் சமாச்சாரம்.

மெஷின் ஓடட்டும், அப்புறம் கல்யாணம் பேசலாம் என்றிருந்தான் பீம்ராவ். மெஷின் ஓடியது. ஆனால் தினமும் சாயங்காலம் சரியாக இருப்பது காலையில் டேப்பர் அடித்தது. நெல்சன் ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்து, மெஷினின் ஆறு கால்களில் இருக்கும் போல்ட்டுகளைத் திருகி மட்டம் செய்வான். மறுநாள் மட்டம் போயிருக்கும்.

“அண்ணே, பின்னாடி சுவரோரத்துக் காலு எறங்குது” என்று இப்போதும் சொன்னான் நெல்சன். “கடலோர மண்ணு. தரை உள்வாங்குதுன்னு நெனைக்கிறேன்.”

“எங்கப்பா நின்னு போட்ட தளம் அது. ஆர்பர்ல கப்பல் மூட்ட தூக்குன காசுல போட்டது. அது உள்வாங்குதா?”

“நான் அப்பாவச் சொல்லலண்ணே, தரையச் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். இதோ பாரு, சாயங்காலம் செங்குட்டுவன் சாரு பம்ப் கம்பெனிலேந்து வர்றாரு. அவரு கைல குடுக்கற பீசு சரியா இல்லன்னா, நீ வேற பட்டறை பாத்துக்கோ. பொண்ணும் வேற வூட்ல பாத்துக்கோ.”

யசோதரா கையிலிருந்த மைக்ரோமீட்டரை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

இதுதான் நேரம் என்று வரலட்சுமி உள்ளே வந்தாள்.

“யாரும் பேசாதீங்க. எனக்கு நாலு நாளா ஒரு டவுட்டு.”

“உனக்கு என்னிக்கு டவுட்டு இல்ல?” என்றான் பீம்ராவ்.

“தரை எறங்கலபா. யாரோ எறக்கறாங்க. வேல முடிஞ்சிட்டா ராயபுரத்துலேந்து தெனமும் இங்க வர்றதுக்கு சாக்கு இல்ல. யாரும் இல்லாத நேரத்துல ஒரு போல்ட்ட லேசா திருவி வுட்டுட்டுப் போனா, காலைல மறுபடியும் வரலாம். யாரையோ பாக்கலாம். நான் பேர் சொல்லல.”

“பேர மட்டும்தான் அண்ணி சொல்லல” என்றாள் யசோதரா.

“சொல்லிட்டுப் போறேன். நேத்து எல்லாரும் கெளம்புன அப்பால நான் கடைசியா பூட்டுனேன் இல்ல? பூட்டறதுக்கு முன்னாடி ஆறு போல்ட்டுலயும் நெயில் பாலிஷால கோடு இழுத்து வெச்சிருக்கேன். போல்ட்டுமேல பாதி, காலுமேல பாதி. எவனாவது நேத்து ராத்திரியோ இன்னிக்கு காலைலயோ திருவியிருந்தா கோடு ஒடஞ்சிருக்கும்.”

“என் நெயில் பாலிஷா?”

“வூட்ல வேற யாரு போடறாங்க?”

நெல்சன் அவளை வியப்போடு பார்த்தான். “நல்ல யோசனை அண்ணி. எனக்குத் தோணவே இல்ல.”

‘அண்ணி’யா? நேற்று வரை அக்கா. எந்த முறையில் என்று கேட்க வாயெடுத்து, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாள்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் வரலட்சுமி, பின்னால் பீம்ராவ், அதற்கும் பின்னால் குற்றவாளி. முன்பக்கக் கால்களில் கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்தவற்றிலும் சிவப்புக் கோடு ஒரு இம்மி விலகவில்லை. ஒவ்வொரு காலாகப் பார்க்கப் பார்க்க வரலட்சுமியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மிச்சம் இருந்தது சுவரோரத்துக் கால்.

மெஷினின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. நெல்சனால் அதற்குள் போக முடியாது. பக்கத்தில் நின்று நீளமான ஸ்பேனரை விட்டுத்தான் திருகுவான். உள்ளே போய் வருகிற ஒரே ஆள் வரலட்சுமி. தினமும் அங்கே பெருக்கித் துடைப்பவள் அவள்தான். துடைக்கிற சாக்கில் யாரும் பார்க்காதபோது அந்தக் காலடியில் ஒரு கை மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டு வருவாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நுழைந்தாள். எப்போதும் அரையிருட்டான சந்து; நேற்றும் கைத்தடவலாகத்தான் கோடு போட்டிருந்தாள். இப்போது போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தாள்.

கோடு உடையவில்லை.

கோட்டுக்குக் கீழே, காலின் இரும்புத் தகடு தரையில் உட்கார்ந்திருந்த இடத்தில், பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு. வளைந்த கழுத்தும் இரண்டு குட்டி இலையுமாக, மெஷினைக் குளிர்விக்கிற கூலன்ட் எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் குடித்து வளர்ந்த பச்சைப்பயிறு முளைகள். அவற்றுக்குப் பின்னால், நசுங்கிப்போன மஞ்சள் துணியின் ஓரம்.

அது வரலட்சுமி முடிந்த முடிச்சு. காலித் இங்கேயா வைத்தான்? ‘பத்திரமா ஒரு மூலைல வைப்பா’ என்றல்லவா சொன்னாள்? மெஷினை இறக்கும்போது காலுக்கு அடியிலேயே வைத்துவிட்டான். தானியம் பகலில் மெஷின் அதிர்வில் நசுங்குகிறது, ராத்திரி முழுக்க மூன்று டன் பாரத்தில் ஊறிக் கொழகொழத்து வெளியே பிதுங்குகிறது. அது நசுங்க நசுங்கக் கால் இறங்குகிறது. நவதானியத்துக்கு மைக்ரான் தெரியுமா?

“இன்னா அண்ணி, கோடு கீதா?” வெளியிலிருந்து யசோதராவின் குரல்.

“கீது.”

“ஒடஞ்சிருக்கா?”

“இல்ல.”

எட்டிப் பார்த்த முளைகளை அவசர அவசரமாகக் கிள்ளிக் கைக்குள் பொத்திக்கொண்டு, சுவரில் தலையை உரசியபடி வெளியே வந்தாள்.

“அப்போ நெல்சன் திருவல” என்றாள் யசோதரா.

“திருவலன்னா இன்னும் மோசம்” என்றான் பீம்ராவ். “அடில கீற பெட்டே வளைஞ்சிகீது. வளைஞ்சதப் பாத்து இவன் சொல்லல, வித்தவன் எங்க தலைல கட்டிட்டான். பாக்கப் போனப்ப பளபளன்னு பெயின்டு அடிச்சி வெச்சிருந்தான் பாரு, அப்பவே வரலு சொன்னா. நான்தான் கேக்கல. சொல்லு வரலு, சொன்னியா இல்லியா?”

சாதாரண நாளாக இருந்தால் இந்த ஒரு கேள்விக்கு வரலட்சுமி ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பாள். இப்போது, “சொன்னேன்” என்றாள்.

அவ்வளவுதானா என்று பீம்ராவே திரும்பிப் பார்த்தான்.

“அண்ணா, வளைஞ்ச பெட்டு வளைஞ்சே இருக்கும். சாயங்காலம் நிமிந்து காலைல வளையாது” என்றாள் யசோதரா.

“நீ அவனுக்குப் பேசாத. நெல்சா, டூல்ஸ எட்த்துக்கோ. செங்குட்டுவன் சாருக்கு நான் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன்.”

நெல்சன் குனிந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தான். அது வரலட்சுமிக்கு வசதியாக இல்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருக்கலாம். யசோதரா அவனைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இன்னாத்துக்கு வாய மூடிக்கினு கீறீங்க?”

“தலைய வலிக்குது.”

“தலைல இன்னா அது பச்சையா?”

வரலட்சுமியின் கை கொண்டைக்குப் போனது. “கறிவேப்பில. தாளிக்கும்போது ஒட்டியிருக்கும்.”

யசோதரா கிட்டே வந்து அதை உருவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “வேரோடயா?”

 நெல்சன் பையை வைத்துவிட்டு வந்து முளையைப் பார்த்தான், சுவரோரத்தைப் பார்த்தான். பையைத் திறந்து ஸ்பேனருக்குப் பதில் ஜாக்கியை எடுத்தான்.

“அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க. அந்தக் கால மட்டும் தூக்கிப் பாத்துட்டுப் போயிடறேன்.”

“வேணாம்” என்றாள் வரலட்சுமி.

எல்லோரும் திரும்பினார்கள்.

“இல்ல, போற ஆளு இன்னாத்துக்கு சிரமப்படணும்னு…”

நெல்சன் ஜாக்கியை ஓரத்தில் கொடுத்து அழுத்த அழுத்த, மெஷின் ஒரு முனகலோடு விரற்கடை உயர்ந்தது. யசோதரா சந்துக்குள் புகுந்து கம்பியை வளைத்து இழுத்தாள். வந்தது, தோசைபோலத் தட்டையாகிப்போன ஒரு மஞ்சள் துணி. நடுவில் கரும்பச்சையாக ஒரு கூழ். சுற்றி விளிம்பில் மட்டும் உயிர் பிழைத்த முளைகள்.

பீம்ராவ் அதை இரண்டு விரலால் வாங்கினான். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு யாரையும் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேட்டான்: “யாரு வெச்சது?”

கத்தும் பீம்ராவை வரலட்சுமிக்குச் சமாளிக்கத் தெரியும். இந்தக் குரலைக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டொரு தடவைதான் கேட்டிருக்கிறாள். 

“நான்தாண்ணே வெச்சேன்” என்றான் நெல்சன்.

“நீயா?”

“எங்கம்மா குடுத்தாங்க. மெஷினுக்கு நல்லதுன்னு.”

“ராயபுரம் கோயில்ல பாதர் மஞ்சத்துணில முடிஞ்சி குடுக்கறாரா?”

“எங்கம்மா எல்லா சாமியும் கும்புடும்ணே.”

யசோதரா தரையைப் பார்த்துக்கொண்டாள். பீம்ராவ் யோசித்தான். நம்பவும் முடியவில்லை, ஆனால் எதிரில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். வரலட்சுமி இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்; பழி அவன்மேல், பை அவன் தோள்மேல், அவன் பைக்கில் ஏறிப் போய்விடுவான். அவளைப் பற்றிய பேச்சே வராது.

ஆனால் பொய் சொல்கிற ஒருவனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவள் உடம்புக்கு ஆகாது. அது அவளுக்காகச் சொன்ன பொய்யாகவே இருந்தாலும்.

“அதுல ஒம்போது தானியம் கீது” என்றாள். “இன்னா இன்னான்னு சொல்லச் சொல்லு.”

நெல்சன் திணறினான். “அரிசி… கோதும… பச்சப்பயிறு… கடல… அப்பால… ரவ.”

“ரவையாம்.” வரலட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்கினியா? கொள்ளு எங்க, எள்ளு எங்க, மொச்ச எங்க? இவன் வெக்கல. நான்தான் முடிஞ்சேன், காலித்து கைல நான்தான் குடுத்தேன். மூலைல வைன்னேன், அவன் காலுக்கடில சொருகிட்டான். எத்தினியோ பாடுபட்டு மெஷின் வாங்கறோம், ஒரு நல்லது பண்ண வேணாமான்னு பயம். அவ்ளோதான்.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா வேணாம்னிருப்ப.”

“ஆமா, வேணாம்னிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

பீம்ராவ் அவளைப் பார்த்தான். பட்டறைச் சுவரில் அவன் அப்பா மாட்டிய புத்தர், அம்பேத்கர் படங்களைப் பார்த்தான். துணியை மடித்து அவள் கையிலேயே கொடுத்தான். “கேட்டு, நான் வேணாம்னு சொல்லி, நீ ரெண்டு நாள் பேசாம இருந்திருந்தாகூட நல்லாருந்திருக்கும்” என்றான். “இத்த வூட்டாண்ட தொட்டில போடு. மொளச்சது மொளச்சிடுச்சி.”

பிறகு நெல்சனைப் பார்க்காமலே, “பையக் கீழ வெய்யிடா. மட்டம் பண்ணு” என்றான்.

சாயங்காலம் செங்குட்டுவன் வந்தார். சிரிப்பையே வீட்டில் வைத்துவிட்டு வருகிற மனிதர். தண்டை இந்த முனையில் அளந்தார், அந்த முனையில் அளந்தார், நடுவில் அளந்தார், திரும்பவும் முதல் முனைக்கு வந்தார்.  அவர் தண்டைத் துடைத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். “மெட்டீரியல் அனுப்பறோம்” என்றார்.

பீம்ராவ் நெல்சனிடம் நன்றி எல்லாம் சொல்லவில்லை. “உங்க அம்மா என்னிக்கி வூட்ல இருப்பாங்க?” என்று மட்டும் கேட்டான். யசோதரா திடீரென்று மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள்.

எல்லாம் சுபமாக முடிந்ததுபோல்தான் இருந்தது. வரலட்சுமிக்குத்தான் ஒன்று இடித்தது. மட்டம் செய்யும்போது நெல்சன் ஐந்து கால்களையும் தூக்கி அடியில் துடைத்தான். முன்பக்கத்து இடது காலை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அது நல்லா உக்காந்துகீது அண்ணி, கலைக்க வேணாம்” என்றான். அவசரமாகச் சொன்னான். அதுவும் அந்த ‘அண்ணி’.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் போன் வெளிச்சத்தோடு அந்தக் காலடியில் குனிந்தாள். தகட்டுக்குக் கீழே வெள்ளியாக ஒரு விளிம்பு மின்னியது. காசைவிட மெல்லிசு. ஓரத்தில் ஒரு மாதாவின் கிரீடம்போல ஏதோ தெரிந்தது. தானியம் நசுங்கும், பதக்கம் நசுங்காது. அதனால்தான் அந்தக் கால் நல்லா உட்கார்ந்திருக்கிறது.

வரலட்சுமி வெளிச்சத்தை அணைத்தாள். அவள் வாழ்க்கையில் தெரிந்த விஷயத்தை அவளாகவே அமுக்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

தை பிறந்ததும் யசோதராவுக்கும் நெல்சனுக்கும் கல்யாணம் ஆனது. காலையில் வியாசர்பாடி மண்டபத்தில் புத்தர் முறைப்படி பஞ்சசீலம் சொன்னார்கள், மாலையில் ராயபுரம் கோயிலில் ஆசீர்வாதம். நெல்சனின் அம்மா ரோசியிடம், உங்கள் வீட்டில் பதக்கம் ஏதாவது காணாமல் போனதா என்று வரலட்சுமி பந்தியில் கேட்டாள். ரோசி இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாளே தவிர பதில் வைக்கவில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் எண்ணூரில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். காலித் கத்தாருக்குக் கிரேன் ஓட்டப் போனான்.

அங்கிருந்து போன வாரம் அவன் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான். வரலட்சுமி அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

“அக்கா, நெல்சன் சொன்னாரு. காலுக்கடில வெச்சது என் தப்புதான். ஆனா அன்னிக்கு எங்கைல குடுத்தது நீங்களும் நெல்சனும் மட்டும் இல்லக்கா, மூணு பேரு. மூணாவது ஆளு குடுத்தத மெஷினுக்குள்ளயே ஒரு எடத்துல வெக்கச் சொன்னாங்க, வெச்சிட்டேன். யாருன்னு கேக்காதீங்க, சத்தியம் வாங்கிட்டாங்க.”

வரலட்சுமி அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு கூடத்துக்கு வந்து, பட்டறையில் பூசையே வேண்டாம் என்ற கணவன் சோற்றைப் பிசைவதை நின்று பார்த்தாள்.

“ரசம் எங்க?” என்றான் பீம்ராவ். அவள் நகரவில்லை. “இன்னாத்துக்கு அப்டி பாக்கற?”